தழுவலா, தகவமைப்பா?

வடசென்னையில் மழைக்காலம் நெருங்கினால் சுவரொட்டியும் துண்டறிக்கையும் வந்துவிடுகின்றன. அவற்றில் 'காலநிலைத் தழுவலில் பொதுமக்களின் பங்கு' என்ற தலைப்பை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். திருவொற்றியூரில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசிய அத்தனை பேர் வாயிலும் அந்தத் 'தழுவல்'தான். பொருள் பிழைத்த சொல் இது. யாரைப் பங்கேற்க அழைக்கிறதோ அவர்களையே வெளியே நிறுத்துகிறது.

மூலச்சொல் 'அடாப்டேஷன்'. 'தக்க, பொருந்திய' என்று பொருள்படும் 'ஆப்டஸ்' என்ற இலத்தீன் சொல் அதன் வேர். வெப்பம், வெள்ளம், கடல்மட்ட உயர்வு ஆகியவற்றால் வரும் கேடு குறையும்படி வீட்டையும் தெருவையும் தொழிலையும் மாற்றி அமைப்பதைக் காலநிலைத் துறை இப்படிச் சொல்கிறது. கரியமில வாயுவைக் குறைப்பது வேறு. அதற்குத் 'தணிப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது. 2015 பாரிஸ் ஒப்பந்தமும் இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது.

'தழுவல்' திரைத்துறையிலிருந்தும் இலக்கியத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது. நாவலைத் தழுவிப் படம் எடுக்கிறோம். அங்கே அது சரி. மூலத்தை விரும்பி, அதை அணைத்தபடி இன்னொன்று ஆக்குகிறோம். குழந்தையைத் தழுவுகிறோம், ஒரு சமயத்தைத் தழுவுகிறோம். எல்லாவற்றிலும் விருப்பம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்புப் பிசுக்கு. அந்த மக்களிடம் போய்த் 'தழுவுங்கள்' என்று எப்படிச் சொல்வது?

'ஏறு தழுவுதல்' இருக்கிறதே, அங்கே முட்ட வருகிற காளையைத்தானே தழுவுகிறோம் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். காளையை அணைப்பவன் தானாகக் களம் இறங்குகிறான். கொருக்குப்பேட்டையில் வெள்ளம் வீடு தேடி வருகிறது. அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவிட்டது. எந்தத் துறை, யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தால் இந்தச் சொல் அச்சேறியிருக்காது.

சரியான சொல் 'தகவமைப்பு'. தகவு, அமைப்பு. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்று குறள் ஆளும் அதே தகவுதான். குறளில் அது நடுவுநிலைமை, தகுதி, வேர் 'தகு'. இலத்தீன் வேரும் இதுவும் ஏறத்தாழ ஒரே பொருளில் நிற்பது நமக்குக் கிடைத்த பேறு. ஒட்டகம், கள்ளிச்செடி என்று பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த வாசனை இதில் அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் என்பது குறையா? இலங்கைத் தமிழர் 'இசைவாக்கம்' என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் இங்கே 'இசைவு' என்றால் சம்மதம். வெள்ளத்துக்குச் சம்மதம் என்ற நிழல் விழுமோ என்றுதான் தயங்குகிறேன்.

சொல் சரியாக இருந்தும் வினையில் கோட்டை விடலாம். 'மக்கள் தகவமைத்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதுகிறார்கள். அந்தக் 'கொள்' சுமை முழுவதையும் வீட்டுக்காரர் தலையில் ஏற்றிவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போட்டுத் தெருவை உயர்த்துகிறார்கள், வீடு பள்ளமாகிறது. கையில் காசுள்ளவர் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார். அவர் வாசலில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. ஆளுக்கு ஆள் தகவமைத்துக்கொண்டால் தெரு மூழ்கும். ஆகவே 'தகவமைத்தல்' என்றே எழுதுங்கள். செய்பவர் யார் என்ற கேள்வி திறந்திருக்கும்.

இனி 'விழிப்புணர்வு'. மக்களுக்குத் தெரியவில்லை, அதனால் பங்கெடுப்பதில்லை என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. வியாசர்பாடியில் ஒரு அக்காவின் வீட்டில் மின்மீட்டர் பெட்டி தலைக்கு மேலே இருந்தது. துருப்பிடித்த பழைய ஆணித்துளைகள் இடுப்பளவில் அப்படியே இருந்தன. யார் சொல்லி மாற்றினீர்கள் என்று கேட்டேன். "யாரு வந்து சொன்னாங்க? எதிர் வூட்ல ஏத்தி மாட்னாங்கண்ணா. மழைல அவங்களுக்கு ஒண்ணும் ஆவல. அப்பால நாங்களும் ஏத்திட்டோம்" என்றார்.

2019இல் வான் வால்கென்கூட், ஸ்டெக் என்ற இரு ஆய்வாளர்கள் 23 நாடுகளில் நடந்த 106 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தார் செய்கிறார்களா, என்னால் முடியுமா, செய்தால் பலன் உண்டா, இவற்றோடு கவலையும் அச்சமும்: மக்களின் தகவமைப்புச் செயல்களோடு வலுவாக ஒட்டி நின்றவை இவையே. காலநிலை பற்றிய அறிவும், முன்பு அடிபட்ட அனுபவமும்கூட, அவ்வளவு ஒட்டவில்லை. அந்த அக்கா நாலு வரியில் சொன்னதில் பாதி இதுதான். பிறகும் எதற்கு ஊர் ஊராக 'விழிப்புணர்வு முகாம்'?

தலைப்பில் 'தகவமைப்பு' இருக்கட்டும். கீழே தெருவில் புழங்கும் வினைகள் வேண்டும்: ஏற்று, உயர்த்து, தூர்வாரு, அடைப்பு எடு. எதிர்வீட்டில் செய்தது, ஆன செலவு, கிடைத்த பலன், இவற்றை எழுதினால் போதும். ஒவ்வொரு வினைக்கும் எழுவாயையும் எழுதுங்கள். ஓட்டேரி நல்லா என்ற மழைநீர்க் கால்வாயைத் தூர்வாருவது மாநகராட்சியா, நீர்வளத் துறையா என்று துண்டறிக்கையில் ஒரு வரி இருந்தால், எந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது என்று தெருவுக்குத் தெரியும்.