அம்பாசிடர் கதவில் கொப்புளம் தெரிகிறதா? உப்புத்தாளை எடுக்காதீர்கள்

போன ஐப்பசியில் ஒரு வெள்ளை அம்பாசிடர் எங்கள் பட்டறைக்கு வந்தது. பத்து வருஷமாக வேப்பமரத்தடியில் நின்ற வண்டி. "கதவுல மட்டும்தான் கொப்புளம் மாஸ்டர். வீட்லயே தேய்ச்சு பெயிண்ட் அடிச்சிடலாம்ல?" என்று கேட்டார் சொந்தக்காரர். அவர் அப்பா வாங்கிய வண்டி, தன் கையாலேயே செய்யணும் என்ற ஆசை. தாராளமாகச் செய்யலாம், ஆனால் தேய்ப்பதில் ஆரம்பிக்கக் கூடாது.

ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பக்கத்தில் வைத்தேன். ஒட்டாமல் நழுவி விழுந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் நோண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி (மேடு பள்ளம் நிரப்பப் பூசும் பசை), அதற்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். ஏதோ சினிமா விளம்பரத்தின் பாதி முகம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. தகடே இல்லை. முன்பு எங்கோ செய்த 'டிங்கர் வேலை' அது.

மழைத் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் புதுசாக இருந்தாலும் கொஞ்சம் இறங்கும். அது வெளியே போகத்தான் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். இலைச்சருகும் புழுதியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால், தண்ணீர் உள்ளேயே தேங்கும். வெளித்தகட்டின் ஓரத்தை உள்சட்டத்தின் மேல் மடித்து அடித்திருப்பார்கள். அந்த மடிப்புக்குள் ஈரம் காயவே காயாது, துரு பிடிப்பதும் அங்கேதான். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

அதனால் முதலில் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றுங்கள். கண்ணாடி சுற்றும் கைப்பிடி பூட்டியிருக்கும் விதம் மாடலுக்கு மாடல் மாறும், பார்க்காமல் நெம்பினால் உடையும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நாங்கள் அந்தக் கதவிலிருந்து வாரியது ஒரு சொம்பு கறுப்புச் சேறு, கூடவே ஒரு பழைய பஸ் டிக்கெட். பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியால் ஓட்டைகளைக் குத்திவிட்டு, கண்ணாடியின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் சொட்ட வேண்டும்.

துரு மேலோட்டமாக இருந்தால் கம்பி பிரஷ், பிறகு துருவை மேலும் பரவாமல் மாற்றிவிடும் ரஸ்ட் கன்வெர்ட்டர், நன்றாகக் காய்ந்ததும் பெயிண்ட்டுக்கு அடிப்பூச்சாக எபாக்சி பிரைமர். ஓட்டை விழுந்திருந்தால் தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 20 கேஜ் தகடு என்றால் சுமார் 0.9 மி.மீ. கனம்தான். ஒரே இழுப்பில் வெல்டிங் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அங்கே ஒரு புள்ளி, இங்கே ஒரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் சேர்க்கணும். கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் டிங்கரிடம் கொடுத்துவிடுவது நல்லது. பட்டி என்பது கடைசியில் மேடு பள்ளம் சரிசெய்ய, ஓட்டை அடைக்க இல்லை.

கதவையே இறக்குவதானால், கீலைக் கழற்றுவதற்கு முன்னால் அதைச் சுற்றிக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள், திரும்ப அதே இடத்தில் பூட்டலாம். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலின் அச்சுக் கம்பியும் (பின்), அது சுழலும் வளையமும் (புஷ்) தேய்ந்திருக்கிறது, போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014-இல் தயாரிப்பு நின்ற வண்டி இது. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் வேறு கதவு கிடைக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை ஒரு அம்பாசிடர் கதவு இன்னொரு அம்பாசிடரில் தட்டிக்கொட்டாமல் உட்கார்ந்ததே இல்லை. உங்கள் பழைய கதவைக் காப்பாற்றுவதே மேல்.

இன்னொன்று, கதவுக்குள் வேஸ்ட் ஆயில் ஊற்றும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். ரப்பர் ஊதிப்போகும், கறுப்பாக வழியும், தோலுக்கும் நல்லதில்லை. மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே கிடைக்கிறது. அதை அடித்தாலும் அடி ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள்.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். பழைய பெயிண்ட்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கலாம். இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுவும் வீட்டுப் பெயிண்ட்டுக்கு, வண்டிப் பெயிண்ட்டுக்கு இல்லை. அதனால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், வழித்த கசடைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். டூ-கே பெயிண்ட் என்பது ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் ஏறினால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும், கைக்குட்டையோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. கடைசிக் கோட்டிங்கை ஸ்பிரே பூத் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) இருக்கும் பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளை அம்பாசிடரின் மூன்று கதவுகளை அவரே முடித்தார், வெல்டிங் மட்டும் நான். டிரைவர் பக்கக் கதவை இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. புஷ் தேடிக்கொண்டிருக்கிறோம்.