தட்டிலிருந்து குடற்சுவர் வரை

நோய் எதிர்ப்பு அணுக்களை அதிகமாகத் தூண்டும் உணவுப்பொருள் எது என்று ஆய்வகத்தில் வேலை செய்பவரைக் கேட்டால், மஞ்சளையும் பூண்டையும் விட்டுவிட்டு அவர் ராஜ்மாவைச் சொல்லக்கூடும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு புரதம் இருக்கிறது. பெயர் நாக்கைச் சுளுக்கும் என்பதால் பி.எச்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். ரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கும் குணம் அதற்கு உண்டு. அதனால் வெள்ளை அணுக்களைத் தனியே பிரித்தெடுக்க அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 1960இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் நோவெல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ரத்தத்தில் பெருகாமல் சும்மா சுற்றிவரும் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள், இந்தப் புரதம் பட்டதும் பருத்து, பிளந்து, பெருகத் தொடங்கின. லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகையான டி செல்கள் ஒருவருக்கு ஒழுங்காக இயங்குகின்றனவா என்று சோதிக்க இன்றும் ஆய்வகங்களில் பி.எச்.ஏ. பயன்படுகிறது.

அதற்காக ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றுபார்க்க வேண்டாம். நான்கைந்து விதைகளே போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அந்தப் புரதம் செயலிழக்கும். கொதிநிலையை எட்டாத ஸ்லோ குக்கர் சூடு போதாது. எதிர்ப்பு அணுக்களைக் கண்டபடி உசுப்பிவிடும் ஒரு பொருளை நாம் வேகவைத்து ஒழித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் பொருள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கூடிவிட்டால் நல்லதா? ஒவ்வாமையும் முடக்குவாதமும், எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயும் எதிர்ப்பு மண்டலம் வேகம் குறைந்ததால் வருபவை அல்ல, தேவையில்லாத இடத்தில் வேகம் காட்டுவதால் வருபவை. உணவு இந்த மண்டலத்தை எப்படித் தொடுகிறது என்று புரிய வேண்டுமானால், ஒரு தாவரப்பொருள் உடலில் எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

பெரும்பாலானவை போய்ச் சேரும் இடம் குடல். அதன் உட்பரப்பை மடிப்புகளையெல்லாம் விரித்துக் கணக்கிட்டால் சுமார் 30 சதுர மீட்டர். அவ்வளவு பரப்புக்கும் வேலி ஒரே ஒரு அடுக்குச் செல்கள்தான். அந்த அடுக்குக்கு இந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் வேளைக்கு வேளை வந்து விழும் அந்நியப் புரதங்களும், அந்தப் பக்கம் ஏராளமான எதிர்ப்பு அணுக்களும். சாப்பிட்ட ஒவ்வொன்றின் மேலும் அவை பாய்ந்தால் நாம் பிழைக்க முடியாது. ஆகவே குடலில் எதிர்ப்பு மண்டலம் செய்யும் வேலையில் பாதி, சும்மா இருக்கக் கற்றுக்கொள்வது. இந்தப் பாடம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வாமை வரும் அபாயம் கூடுதலாக இருந்த 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2015இல் வெளியானது. முதல் வயதிலேயே நிலக்கடலைப் பண்டம் கொடுத்துப் பழக்கப்பட்ட குழந்தைகளுக்கு, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. ஒதுக்கி வைப்பதுதான் பாதுகாப்பு என்று முன்பு சொல்லிவந்த மருத்துவ அறிவுரை தலைகீழானது.

சும்மா இருக்கச் சொல்லும் அணுக்களுக்கு ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர். மற்ற டி செல்களைத் தட்டி அடக்குவது இவற்றின் தொழில். இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் தட்டில் இருக்கும் நார்ச்சத்துக்கும் இந்த அணுக்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. அதை உடைக்கும் நொதிகள் பெரும்பாலும் நம்மிடம் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கின்றன. பயறு, முழுத்தானியம், வெங்காயம், பழத்தோல் ஆகியவற்றின் நாரை அவை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டைக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டை எரித்தே பெறுகின்றன. எரிப்பதில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் குடலின் உள்வெளி ஆக்சிஜன் இல்லாமலே இருக்கிறது. நார் தின்னும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் தோதான சூழல். ஆக்சிஜனை விரும்பும் சில தொற்றுக்கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு கஷ்டம்.

எரியாமல் மிஞ்சும் பியூட்டிரேட் இன்னொரு வேலை செய்கிறது. நம் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுகினால் அங்குள்ள மரபணு வாசிக்கப்படாது, தளர்ந்தால் வாசிக்கப்படும். இறுக்கிவிடும் நொதிகளைப் பியூட்டிரேட் தடுக்கிறது. விளைவாக, ஒரு டி செல்லை ஒழுங்குபடுத்தும் செல்லாக மாற்றும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு திறந்தே இருக்கிறது. 2013இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில், குட்டைக் கொழுப்பு அமிலங்கள் பெருங்குடலில் இந்தச் செல்களைப் பெருக்குவதை எலிகளில் காட்டின. நார் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் 2016இல் எலிகளிலேயே பார்த்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தைத் தின்ன ஆரம்பித்தன. படலம் மெலிந்ததும் தொற்றுக்கிருமி சுலபமாகச் சுவரை எட்டிவிட்டது.

ஆனால் நாரைக் கூட்டினால் எல்லோருக்கும் ஒரே பலன் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டு பிரிவாக்கி 10 வாரம் கவனித்த ஆய்வு 2021இல் வெளியானது. தயிர் போன்ற நொதித்த உணவுகளைக் கூடுதலாகச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரிய வகைகள் பெருகின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டியவர்களிடம் அப்படி ஒரே மாதிரி மாற்றம் தெரியவில்லை. ஏற்கெனவே குடலில் பலவகை பாக்டீரியாக்கள் இருந்தவர்களுக்கு அழற்சி குறைந்தது, மற்றவர்களுக்கு அப்படியில்லை. நாரைத் தின்ன ஆள் இருந்தால்தானே அமிலம் வரும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி குடும்பத்தின் கதை இதைவிடச் சுவையானது. இவற்றின் இலைகளில் ஒரு கந்தகச் சேர்மமும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கும். பூச்சி கடித்தாலோ நாம் நறுக்கினாலோ இரண்டும் கலந்து காரமான பொருள்கள் உண்டாகும். பூச்சியை விரட்டச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. அவற்றில் ஒன்றான இண்டோல்-3-கார்பினால், நம் வயிற்று அமிலத்தில் இணைந்து வேறு சில மூலக்கூறுகளாகிக் குடலுக்கு வருகிறது. அங்குள்ள எதிர்ப்பு அணுக்களுக்குள் ஏ.எச்.ஆர். என்ற உணர்வேற்பி காத்திருக்கிறது. இந்த மூலக்கூறு அதில் பொருந்தியதும் அது உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது.

குடற்சுவர்ச் செல்களுக்கு இடையில் செருகிக்கொண்டு காவல் காக்கும் ஒருவகை லிம்ஃபோசைட்டுகள் உண்டு. சுவரில் கீறல் விழுந்தால் முதலில் கவனிப்பவை இவை. 2011இல் கேம்பிரிட்ஜின் பாப்ரகாம் நிறுவனத்தில் மார்க் வெல்டோன் குழு, காய்கறிப் பொருள் ஏதுமில்லாத செயற்கை உணவை எலிகளுக்குக் கொடுத்தது. இரண்டு மூன்று வாரத்தில் இந்தக் காவல் அணுக்கள் பெருமளவு குறைந்துபோயின. அதே உணவில் இண்டோல்-3-கார்பினால் சேர்த்தபோது அவை தங்கின. எலிக்குப் பொருந்துவது அப்படியே மனிதருக்கும் பொருந்திவிடாது. ஆனாலும் ஒரு காய்கறியின் மூலக்கூறு இல்லாமல் போனதற்காக ஒரு வகை அணுவே குறைகிறது என்பது சாதாரணச் செய்தி இல்லை.

இதில் ஒரு முரண். இந்த உணர்வேற்பியை அறிவியல் முதலில் அறிந்தது டையாக்சின் என்ற கொடிய நச்சின் வழியாக. 1976இல் இத்தாலியின் செவேசோவில் தொழிற்சாலை விபத்தில் பரவியதும் அதுதான். டையாக்சினும் முட்டைக்கோஸ் மூலக்கூறும் தட்டுவது ஒரே கதவை. ஒன்று எதிர்ப்பு மண்டலத்தைச் சிதைக்கிறது, மற்றது காவல் அணுக்களைக் காப்பாற்றுகிறது. வித்தியாசம் தங்கும் நேரத்தில். ஏ.எச்.ஆர். முடுக்கும் மரபணுக்களில் ஒன்று, பொருந்திய மூலக்கூறையே சிதைக்கும் நொதியை உண்டாக்குகிறது. காய்கறி மூலக்கூறு அதற்குப் பணிந்து விரைவில் அழிந்துவிடும், சமிக்ஞையும் ஓயும். டையாக்சின் அசைந்துகொடுக்காது, மனித உடலில் அதன் அளவு பாதியாகவே சுமார் ஏழு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் சமிக்ஞை ஓயாது.

கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. குடலில் உள்ள சில அணுக்கள் அதை ரெட்டினாயிக் அமிலமாக்கி, பயிற்சி பெறும் டி செல்களுக்குக் கொடுக்கின்றன. கடிதத்தில் முகவரி எழுதுவது மாதிரி, அந்த அமிலம் பட்ட டி செல் ரத்தத்தில் எங்கே சுற்றினாலும் குடலுக்கே திரும்பி வரும். வைட்டமின் ஏ இல்லையென்றால் காவலர்கள் இருந்தும் இடம் தெரியாமல் அலைவார்கள். ஆல்ஃபிரட் சோமர் இந்தோனேசியாவில் மாலைக்கண் நோயை ஆராயப் போனவர். கண் லேசாகப் பாதித்த குழந்தைகளும் மற்றவர்களைவிட அதிகமாக இறப்பதைக் கண்டு அதிர்ந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தை இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அவர் குழு 1986இல் அறிவித்தது. தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் இன்றும் இதைப் பரிந்துரைக்கிறது. இது பற்றாக்குறையை நிரப்பியதால் கிடைத்த பலன் என்பதை மறந்துவிடக் கூடாது. நிரம்பியவருக்கு மேலும் மேலும் மாத்திரை கொடுத்தால் கல்லீரல் கெடும்.

வைட்டமின் சி விஷயத்திலும் அதே கணக்குதான். வெள்ளை அணுக்கள் அதை ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு உறிஞ்சிச் சேர்க்கின்றன, ஆனால் நாளுக்கு சுமார் 100 மில்லிகிராமிலேயே நிரம்பிவிடுகின்றன. இரண்டு நோபல் பெற்ற லினஸ் பாலிங் 1970 வாக்கில் கிராம் கணக்கில் விழுங்கச் சொன்னார். பிறகு நடந்த ஆய்வுகளின் தொகுப்பில், தினமும் எடுத்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பெரியவர்களுக்குச் சளியின் நாட்கள் 8 சதவீதம் குறைந்தன, அவ்வளவே.

பூண்டை நசுக்கினால் வரும் அல்லிசின் சோதனைக் குழாயில் கிருமியைக் கொல்லும். மனிதரில் சளியைத் தடுக்கிறது என்பதற்கு உருப்படியான ஆய்வு ஒன்றே ஒன்றுதான் தேறியது.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். மஞ்சள்தூளில் குர்குமின் எடைக்கு 3 சதவீதம் போலத்தான். ஆய்வகத் தட்டில் அது அழற்சிக்குக் காரணமான என்.எஃப்.-கப்பா-பி என்ற சமிக்ஞையை அழகாகத் தடுக்கும். ஆனால் வாய் வழியே கிராம் கணக்கில் எடுத்தாலும் ரத்தத்தில் மிகச் சொற்பமே தென்படும். குடலும் கல்லீரலும் உடனே அதன் மேல் சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளியேற்றிவிடுகின்றன. மிளகின் பைப்பரின் அந்த ஒட்டும் நொதியைத் தடுப்பதால், 20 மில்லிகிராம் சேர்த்தபோது குர்குமின் உறிஞ்சப்படுவது 20 மடங்கு கூடியதாக 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பைப்பரின் கலந்த குர்குமின் மாத்திரைகளோடு கல்லீரல் பாதிப்பு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. குர்குமின் பல ஆய்வகச் சோதனைகளில் பொய்யான பலன் காட்டும் மூலக்கூறு என்று 2017இல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பழி சேராது, மாத்திரைக்குச் சொல்லப்படும் புகழும் சேராது.

தாவரப்பொருள் எதிர்ப்பு மண்டலத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பாதிக்கும் இடம் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) முளைகளில் கனவானின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போலவே தோற்றம் கொண்டதால் உடலை ஏமாற்றிப் புரதங்களுக்குள் நுழையக்கூடியது. இந்த முளைகளைத் தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததை 1982இல் பதிவுசெய்தார்கள். லூபஸ் நோயாளிகள் குதிரைமசாலைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் எதிர்ப்பு மண்டலத்தை அடக்க சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்க எடுக்கிறார்கள். குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி அதில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும் என்று கணக்கிட்டே அளவு தரப்படுகிறது. கிரேப்ஃப்ரூட் சாறு குடற்சுவரில் அந்த நொதியை முடக்கிவிடும். ஒரு குவளை குடித்தாலே நாள் முழுக்கப் பலன் நீடிக்கலாம், ரத்தத்தில் மருந்து ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும். மனச்சோர்வுக்காகச் சிலர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை நேரெதிர், அது நொதியைப் பெருக்கும். இதயம் மாற்றிக்கொண்ட இரண்டு பேர் இந்த மூலிகையை எடுத்ததால் மருந்தின் அளவு சரிந்து, புது இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதை 2000ஆம் ஆண்டு ஸூரிக் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மூலிகையை நிறுத்தியதும் மருந்தின் அளவு பழைய நிலைக்கு வந்தது.