பிஸ்டல்: ஒரு குழலின் பெயர்

'பிஸ்டல்' என்பதற்குக் கைத்துப்பாக்கி என்று எழுதுகிறோம். ரிவால்வருக்கும் அதையே எழுதிவிடுகிறோம். போதாக்குறைக்கு, அதிகாரியின் இடுப்பில் இருப்பது எதுவானாலும் செய்தியில் 'சர்வீஸ் ரிவால்வர்' ஆகிவிடுகிறது. இரண்டும் வேறு கருவிகள். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையின் அறைகளில் இருக்கும். அதற்குச் சுழல்துப்பாக்கி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. இன்றைய பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தோட்டா வெடித்ததும் மேற்பகுதி பின்னே நகர்ந்து வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றிக்கொள்ளும்.

பிஸ்டல் என்ற சொல்லின் வேர் செக் மொழியில் இருக்கிறது என்பதே வலுவான கருத்து. அங்கே 'பீஷ்த்யலா' என்றால் ஊதும் குழல், சீழ்க்கை. 1419 முதல் 1434 வரை, இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில், யான் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியின் வழிவந்தோர் நடத்திய ஹுசைட் போர்களில், உழவர்களும் நகரத்தாரும் வண்டிகளை அரணாக நிறுத்தி, குதிரைவீரர்களை எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கையில் இருந்த சிறு வெடிகுழாய்க்கு இந்தப் பெயர் வந்தது. அது ஒரு கைக்கு அடங்கும் கருவி அல்ல. மரத்தண்டில் பொருத்திய இரும்புக் குழாய். (ஹவிட்சர் என்ற பீரங்கிப் பெயரும் அதே போர்க்களத்துச் செக் சொல்லிலிருந்து வந்ததுதான்.) செக்கிலிருந்து ஜெர்மன், அங்கிருந்து பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம் என்று சொல் நடந்தது. 16ஆம் நூற்றாண்டில், எரியும் திரி இல்லாமல் சக்கரம் உரசித் தீப்பொறி தரும் அமைப்பு வந்த பிறகுதான் குதிரைமேல் இருந்தபடி ஒரு கையால் சுட முடிந்தது. பெயர் அந்தக் குட்டைத் துப்பாக்கிக்கே நிலைத்தது. இத்தாலியின் பிஸ்டோயா நகரிலிருந்து பெயர் வந்தது என்பாரும் உண்டு. அந்த ஊர்ப் பெயரால் வழங்கியது ஒரு குத்துவாள். வாளின் பெயர் துப்பாக்கிக்குத் தாவியது என்பதைவிட, குழாய்க்குக் குழலின் பெயர் வந்தது என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது.

நம் 'துப்பாக்கி'யின் கதை இதைவிட அழகானது. பாரசீகத்தில் 'துஃபக்' என்றால், களிமண் உருண்டையை உள்ளே போட்டு மூச்சால் ஊதி எறியும் குழல். வெடிமருந்து வந்ததும் அந்தப் பெயர் துப்பாக்கிக்கு ஏறியது. துருக்கியில் துஃபெக், தெலுங்கில் துபாகி, தமிழில் துப்பாக்கி. திருக்குறளின் 12ஆம் குறளில் வரும் 'துப்பாக்கி' இதுவன்று. அது துப்பு + ஆக்கி, உண்பவர்க்கு உணவை உண்டாக்கி என்ற பொருள். எழுத்து ஒன்று, சொல் வேறு.

ஆக, செக் மொழியினரும் பாரசீகரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஊதுகுழலின் பெயரைத் தீயுமிழும் குழலுக்கு வைத்திருக்கிறார்கள். பிஸ்டலுக்குக் கைத்துப்பாக்கி என்பது வேர்ப்பொருள்வரை பொருந்தும் மொழிபெயர்ப்பு. தனித்தமிழில் எழுதுவோர் துமுக்கி, சுடுகலன் என்பர். எல்லா வகைக்கும் பொதுப்பெயராகச் சுடுகலன் எனக்கு உவப்பானது. ஆனால் பிஸ்டலுக்குக் கைத்துப்பாக்கியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிஸ்டல் என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய கருவி, ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1929இல் கொண்டுவந்த பி.பி. விரித்தால் 'பொலிட்ஸைபிஸ்டோலே', போலீஸ் கைத்துப்பாக்கி. 1931இல் அதன் சிறிய வடிவமான பி.பி.கே. வந்தது. அந்தக் 'கே'வை 'கிரிமினல்' என்று அப்படியே படித்து, குற்றவாளிகளின் துப்பாக்கி என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனில் அது குற்றப் புலனாய்வுப் போலீசைக் குறிக்கும் சொல்லின் முன்பாதி. குட்டை என்று பொருள்படும் 'குர்ட்ஸ்' என்ற சொல்லின் முதலெழுத்து என்றும் சிலர் கொள்வர். சீருடை இல்லாத துப்பறிவாளர் கோட்டுக்குள் மறைத்து வைக்க ஏற்ற அளவு: நீளம் 155 மி.மீ., 7.65 மி.மீ. தோட்டா ஏழு.

அளவைவிட முக்கியமானது விசை, அதாவது சுடுவதற்கு விரலால் அழுத்தும் 'ட்ரிகர்'. அதற்கு முன் பல கைத்துப்பாக்கிகளில் முதலில் குதிரையைத் தனியாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். குதிரை என்பது தோட்டாவின் அடிப்பக்கத்தைத் தட்டவைக்கும் சுத்திக்கு நம்மவர் வைத்த பெயர். பி.பி.யில் தோட்டா ஏறியிருந்தால், குதிரை படுத்திருந்தாலும் விசையை அழுத்தினால் போதும். அதுவே குதிரையை எழுப்பி விழச்செய்யும். அவசரத்தில் எடுத்துச் சுட வேண்டியவருக்கு இது பெரிய வசதி.

அந்த அமைப்பின் சாயல் 1951இல் சோவியத் படை ஏற்ற மகாரவ் கைத்துப்பாக்கியில் தெளிவாகத் தெரியும். நிகலாய் மகாரவ் வடிவமைத்தது, 161 மி.மீ. நீளம், ஏறத்தாழ 730 கிராம், எட்டுத் தோட்டா. அந்தப் படையில் அதுவரை இருந்த தொகரேவ் கைத்துப்பாக்கியின் இடத்துக்கு இது வந்தது. இதன் தோட்டாவும் '9 மி.மீ.' என்றே அழைக்கப்படும். ஆனால் குண்டின் உண்மையான விட்டம் 9.27 மி.மீ. என்பதால், மேற்கில் பரவலான '9 மி.மீ.' பாராபெல்லம் தோட்டா இதற்குப் பொருந்தாது.

இவற்றைத் 'தானியங்கித் துப்பாக்கி' என்று எழுதுவது பெரும் பிழை. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும்; தானாக நடப்பது அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலை மட்டுமே. 'தானேற்றி' என்றால் சரி. ஆங்கிலத்தில் 'காம்பாக்ட் சர்வீஸ் பிஸ்டல்' என்று வந்தால், அதில் 'சர்வீஸ்' என்பதைச் சேவை என்று மாற்றினால் தொண்டு என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது; பணிக்கென வழங்கப்பட்டது என்பதே கருத்து. 'காம்பாக்ட்' என்பதற்குக் கச்சிதமான என்றே சொல்லலாம். கலைச்சொல்லாக வேண்டுமென்றால் 'குறு' என்ற முன்னொட்டு போதும். இப்படி எழுதலாம்: மகாரவ், சோவியத் படையினருக்கும் போலீசாருக்கும் பணிக்கென வழங்கப்பட்ட தானேற்றிக் குறுங்கைத்துப்பாக்கி.