ஈரத்தில் முளைக்கும் வெள்ளி

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு வெள்ளிக் கம்பிகளை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டி, நடுவில் ஒரு சொட்டு காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு, 5 வோல்ட் கொடுத்துவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். சில நிமிடங்களிலேயே எதிர்முனைக் கம்பியில் பெரணி இலை மாதிரி ஒன்று கிளை கிளையாக முளைத்து நேர்முனையை நோக்கி வளரும். போய்த் தொட்டதும் ஷார்ட். மின்னணுக் கருவிகளின் சர்க்யூட் போர்டில் ஈரம் பட்டாலும் இதேதான் நடக்கிறது.

நேர்முனையில்தான் வெள்ளி கரைகிறது. அயனியாகித் தண்ணீர் வழியே எதிர்முனைக்குப் போய், எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மறுபடி உலோகமாகப் படிகிறது. படிந்த இடம் துளி நீட்டிக்கொண்டாலும் மின்புலம் அந்த நுனியில் குவிந்துவிடும், அடுத்த அயனியும் அங்கேயே வந்து சேரும். அதனால்தான் சீரான பூச்சாகப் படியாமல் கிளைவிட்டு வளர்கிறது. இதற்கு டென்ட்ரைட் என்று பெயர். தொலைபேசிக் கருவிகளில் வெள்ளி இப்படி நகர்வதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் 1955-லேயே எழுதிவிட்டார்கள். செம்பு, வெள்ளீயம், ஈயம் எல்லாமே நகரும், ஆனால் வெள்ளிதான் மோசம்.

பழுது பார்ப்பவர்களை இது பாடாய்ப் படுத்தும். இழை அவ்வளவு மெல்லியது என்பதால் கொஞ்சம் அதிகக் கரண்ட் பாய்ந்தாலே எரிந்து அறுந்துவிடும். போர்டைக் கழற்றிக் காயவைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக வேலை செய்யும்.

சரி, தடுப்பது எப்படி? வெள்ளியோடு பல்லேடியம் கலப்பது, போர்டில் மின்சாரம் ஓடும் உலோகக் கோடுகளான டிராக்குகளைத் தள்ளி வைப்பது எல்லாம் வடிவமைப்பவர் கையில் இருக்கிறது. சோல்டரிங் செய்பவர் கையில் இருப்பது ஃப்ளக்ஸ், அதாவது பற்று நன்றாக ஒட்டுவதற்காகத் தடவும் பொருள். கழுவத் தேவையில்லை என்று விற்கப்படும் ஃப்ளக்ஸிலும் அடிப்பிக் அமிலம் போன்ற அமிலங்கள் இருக்கும், சோல்டரிங் சூடு முழுதாகப் பட்டால்தான் அவை அடங்கும், ஆனால் கையால் வைக்கும்போது அது சூடு எட்டாத இடத்துக்கும் வழிந்து அப்படியே நின்றுவிடுகிறது. காற்றின் ஈரத்தை இழுத்து, அயனி ஓடத் தண்ணீர்ப் பாதை போட்டுக் கொடுப்பது அந்த மிச்சம்தான்.

போர்டின் மேலே ஈரம் படாமலிருக்கக் கோட்டிங் அடித்தால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீராவி கோட்டிங்கையும் ஊடுருவும். அடியில் உப்போ அமிலமோ இருந்தால் அது தண்ணீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் கட்டும், அதற்குள் டென்ட்ரைட் நிம்மதியாக வளரும். முதலில் கழுவுங்கள், நன்றாகக் காயவையுங்கள், அப்புறம் கோட்டிங். கழுவுவது என்றால் பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத் தேய்ப்பது அல்ல. அப்படித் தேய்த்தால் ஒரு மூலையில் இருந்த அழுக்கு கரைந்து போர்டு முழுக்கப் பரவி அங்கேயே காயும். தாராளமாக ஊற்றி, கரைந்ததோடு சேர்த்து வழித்துவிட வேண்டும். தண்ணீரில் அலசுவதாக இருந்தால் அயனி நீக்கிய தண்ணீர் வேண்டும், குழாய்த் தண்ணீரின் குளோரைடு காய்ந்து போர்டிலேயே தங்கிவிடும்.