குருதி: ஒரு பதாகையில் தொடங்கிய சொல் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் பதாகை எழுதித் தரும் வேலை, தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தது. மலாய் வரி ‘டெர்மா டாரா’ என்று முன்பே முடிவாகியிருந்தது. அதன் கீழே இளைஞர்கள் எழுதி வைத்திருந்த ‘இரத்ததானம்’ என்பதை அடித்துவிட்டு நான் ‘குருதிக்கொடை’ என்று எழுதினேன். ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால் வெட்டிய பாட்டி ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “குருதின்னா பலி குடுக்கறதுதானே வாத்தியாரே, கோழியா கிடாவா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. கொழுத்த கிடாயின் குருதியோடு வெள்ளரிசியைக் கலந்து முருகனுக்குப் பலியிட்ட காட்சி திருமுருகாற்றுப்படையிலேயே இருக்கிறது. மலையாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவக்க வைத்துப் படைக்கும் நீருக்குக் ‘குருதி’ என்றுதான் இன்றும் பெயர். தோட்டத்து முனியாண்டி கோயில்களில் பலிச்சொல்லாக எஞ்சியிருந்ததை நான் மருத்துவச் சொல்லாகத் திருப்பி அழைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மஞ்சள்நீருக்குக் குருதி என்ற பெயர் வந்ததில்தான் இச்சொல்லின் வேர் தெரிகிறது. ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்பது தொல்காப்பிய உரியியல் நூற்பா. குரு என்றால் நிறம். நிறமுடையது, அதிலும் செந்நிறமுடையது, குருதி. குறுந்தொகையின் முதற்பாட்டு காந்தளைக் ‘குருதிப் பூ’ என்று சொல்லும்போது அங்கே முன்னிற்பது சிவப்பே தவிர உடலில் ஓடும் நீர்மம் அன்று. செவ்வாய்க் கோளுக்கும் குருதி என்றொரு பெயர் அகராதிகளில் உண்டு.

இரத்தம் என்ற சொல்லின் கதையும் நிறத்தின் கதைதான். வடமொழியில் ‘ரக்த’ என்பது சாயம் தோய்ந்தது, சிவந்தது என்று பொருள்படும். சாயமேற்றுவதைக் குறிக்கும் வினையடியிலிருந்து வந்தது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இகரம் முன்னே ஒட்டியது, ‘க்த’ என்னும் மெய்ம்மயக்கம் ‘த்த’ என்று இளகியது. இராமன், இராசா வரிசையில் இரத்தம் வந்து சேர்ந்தது. உதிரம் என்பதை உதிர்தல் என்னும் வினையோடு இணைத்து மேடையில் விளக்குவோரைக் கேட்டிருக்கிறேன். அது பொருந்தாது, உதிரம், வடமொழி ‘ருதிர’ என்பதன் தமிழ் வடிவம், அதற்கும் மூலப்பொருள் சிவப்பே. செந்நிறத்தைக் குறிக்கும் ‘அரத்தம்’ சிலப்பதிகாரத்தில் ‘அரத்தப் பூம்பட்டு’ என வருவதைக் காட்டி, இரத்தத்தை அரத்தம் என்றே எழுத வேண்டும் என்போரும் உளர். எனக்கு அது தேவையாகப் படவில்லை. குருதி என்ற பழஞ்சொல் கையில் இருக்கும்போது இன்னொன்றைத் தேடுவானேன்?

இரு மொழியினரும் நிறத்தைக் கண்டுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னால் சொல்லின் பொருளும் பொருளின் தன்மையும் ஒன்றாகவே விளங்கும். செவ்வணுவுக்குள் நிறைந்திருக்கும் ஈமோகுளோபின் என்னும் புரதத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 இரும்பு அணுக்கள் இருக்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டதும் அது பளீரென்ற சிவப்பாகிறது, திசுக்களில் இறக்கிவிட்டதும் கருஞ்சிவப்பாகிறது. செவ்வாய்க் கோள் சிவந்து தெரிவதும் இரும்புத் துருவால்தான் என்பதால், இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த பழந்தமிழர் தம்மையறியாமலே ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறார்கள். நம் கடலோரங்களில் பிடிபடும் பெலாங்காசுக்கு, அதாவது குதிரைலாட நண்டுக்கு, இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் அதன் குருதி நீலநிறமாக இருக்கும். சொல்லின் வேரைக் கண்டிப்பாகப் பார்த்தால் அதைக் குருதி என்று அழைக்கவே தயங்க வேண்டும்.

இந்த இரும்பைத்தான் முகாமில் முதலில் சோதித்தார்கள். மிஸ்ஸி, அதாவது தாதி, விரல்நுனியைக் குத்தி எடுத்த ஒரு சொட்டை, மயில்துத்தம் கரைத்த நீலநீரில் விட்டார். சொட்டு ஒரு கணம் மேலே தயங்கி, பிறகு உருண்டையாகவே அடியில் போய்ப் படுத்தது. அந்த நீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.053 ஆக வைக்கப்பட்டிருக்கும். ஒரு டெசிலிட்டரில் 12.5 கிராமுக்குக் குறையாமல் ஈமோகுளோபின் இருந்தால்தான் சொட்டு மூழ்கும். எனக்கு அடுத்து வந்த பெண்ணின் சொட்டு நடுவிலேயே நின்று மேலே திரும்பியது. “ரத்தம் பத்தாது தங்கச்சி” என்று சொல்லி அனுப்பினார்கள். அளவில் அவருக்கு ஒரு குறையும் இருந்திருக்காது, குறைந்தது நிறமேற்றும் புரதம் மட்டுமே. இதற்கு நம்மிடம் உள்ள ‘சோகை’ என்ற சொல், வெளிறிப்போதலைச் சுட்டுவதால், ‘இரத்தம் பத்தாது’ என்பதைவிடச் சரியாக இருக்கிறது.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி, அதாவது எடையில் 7 முதல் 8 விழுக்காடு, ஓடுகிறது. அதில் 55 விழுக்காட்டளவு வெளிர்மஞ்சள் நிறப் பிளாஸ்மா. வார்த்து உருவாக்கப்பட்டது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. தமிழில் குருதிநீர்மம் என்பது போதும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரான இந்த நீர்மம்தான் உணவுச் சத்தையும் உப்பையும் இயக்குநீர்களையும் கழிவையும் உடற்சூட்டையும் இடம்விட்டு இடம் கொண்டுசெல்கிறது. வெயிலில் பால்வாளி சுமப்பவரின் உள்ளுடம்புச் சூடு தோல்வரை வந்து வெளியேறுவதும் இதன் வழியாகத்தான். மீதியில் பெரும்பங்கு செவ்வணுக்கள். எலும்பு மச்சையில் பிறந்து ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடிகின்ற இவற்றுக்கு ஈடுகட்ட, நொடிக்கு 20 இலட்சம் என்ற அளவில் புதியவை உருவாகின்றன. வெள்ளணுக்கள் நோயை எதிர்ப்பவை. உண்மையில் அவற்றுக்கு நிறமே இல்லை, பெயரில் மட்டும் வெள்ளை.

மூன்றாவது அணுவுக்குத்தான் தமிழ்ப்பெயர் இன்னும் நிலைபெறவில்லை. டிங்கிக் காய்ச்சல் பரவும் மாதங்களில் எங்கள் ஊரில் அறியாதவரே இல்லாத சொல் ‘பிளேட்லெட்’. இயல்பாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 150,000 முதல் 450,000 வரை இருக்க வேண்டியது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கிளினிக் வாசலில் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள், வீட்டுக்கு வீடு பப்பாளி இலை அரைபடும். இதைத் ‘தட்டு’ என்று மொழிபெயர்த்து அறிவிப்பில் எழுதியபோது, “தட்டு குறைஞ்சா என்ன, வாங்கிக்கலாமே” என்று ஒருவர் கேலி செய்தார். தட்டணு என்று அணுவைச் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

தட்டணு செய்யும் வேலையைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு விளக்கப் பாடநூல் தேவையில்லை. பால்மரத்தில் வெட்டிய காயத்தின் மேல் பால் வழிந்து நின்று மெல்லிய இழையாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அடுத்த வெட்டுக்கு முன் அந்த ஒட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டும். நம் காயத்திலும் முதலில் தட்டணுக்கள் ஒட்டுகின்றன, பிறகு நீர்மத்தில் கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் நூலாகத் திரிந்து அணுக்களை வலைபோல் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்குமே ‘உறைதல்’ என்ற ஒரே சொல் நம் வாயில் வருகிறது. ஆலைக்குப் போகும் பால் உறையாமலிருக்க அமோனியா விடுவதுபோல, முகாமில் பைக்குள் சிட்ரேட் முன்பே இருக்கும். உறைதலுக்கு வேண்டிய கால்சியத்தை அது கட்டிவைத்துவிடும். குருதி உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிநீருக்குச் சீரம் என்று பெயர். இலத்தீனில் அது பால் திரிந்தபின் நிற்கும் நீரைக் குறித்த சொல். தமிழில் அது ஊனீர்; குருதிநீர்மத்தையும் ஊனீரையும் ஒன்றென எழுதுவது தவறு, ஊனீரில் ஃபைப்ரினோஜன் இராது.

பேச்சில் இரத்தம் என்பதை மாற்றவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ‘ரத்தக் கொதிப்பு’ என்று தோட்டமெங்கும் வழங்குவது, மலாய்க்காரர் ‘டாரா திங்கி’, உயர்ந்த குருதி, என்பதைவிட உயிருள்ள சொல். நோயாளியிடம் போய்க் குருதியழுத்தம் என்றால் அவர் விழிப்பார். எழுத்தில், அதிலும் தொடர்ச்சொற்களில், குருதி நன்கு பொருந்துகிறது: குருதிக்குழாய், குருதிச்சோகை, குருதியழுத்தம், குருதிக்கொடை. முன்னே இகரம் வேண்டுமா வேண்டாமா என்ற தயக்கமும் இல்லை. வல்லினம் வரும்போது ஒற்று மிகும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அச்சுக்கடையிலிருந்து வந்த பதாகையில் ‘குருதிகொடை’ என்று இருந்தது. கடைக்காரர் திரும்ப அடித்துத் தர நேரமில்லை என்றார். முகாமுக்கு முந்திய இரவு சிவப்புத் தாளில் ஒரு ‘க்’ வெட்டி ஒட்டினோம், அதற்குக் கீழே பாட்டிக்காகச் சிறிய எழுத்தில் ‘இரத்ததானம்’ என்றும் எழுதினேன்.