எண்டோமெட்ரியம்: கருப்பை அகப்படலம்

ஸ்கேன் அறிக்கையில் ‘எண்டோமெட்ரியல் திக்னஸ்’ என்று மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கப்படுவது, கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் படலத்தின் தடிப்பாகும். ‘எண்டோன்’ என்னும் கிரேக்கச் சொல் ‘உள்ளே’ என்றும், ‘மெட்ரா’ ‘கருப்பை’ என்றும் பொருள்படும். மெட்ரா, தாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவுடையது. தமிழில் எண்டோமெட்ரியத்தைக் கருப்பை அகப்படலம் என்பதே பொருத்தம். ‘கருப்பை உட்சுவர்’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் சுவர் என்றால் தடித்த தசை அடுக்கும் அதில் சேர்ந்துவிடும். மாதவிலக்கில் உதிர்வதோ படலத்தின் மேலடுக்கு மட்டுமே. அடியடுக்கு நிலைத்து நின்று அடுத்த வளர்ச்சிக்கு வித்தாகிறது.

அவ்வளர்ச்சியைத் தூண்டுவது சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். அது செல்களின் உள்ளிருக்கும் ஏற்பிகளோடு (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களோடு) இணைந்து அச்செல்களைப் பெருகச் செய்வதோடு, புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோனை ஏற்கும் ஏற்பிகளையும் மிகுவிக்கிறது. இம்முன்னேற்பாடு இல்லையெனில் பின்னால் வரும் புரோஜெஸ்டிரோனால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. கருமுட்டை வெளியேறியபின் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்க, அது செல் பெருக்கத்தை அடக்கி, படலத்தின் சுரப்பிகளைச் சுருளச் செய்து, கிளைகோஜன் முதலிய ஊட்டப்பொருள்களை நிரப்பி, கரு பதிவதற்கு ஏற்ற நிலையை ஆக்குகிறது. ‘கர்ப்பத்துக்குத் துணையான ஸ்டீராய்டு’ என்னும் கருத்தை உள்ளடக்கிய ‘புரோஜெஸ்டிரோன்’ என்ற பெயர் 1935-இல் லண்டன் கூட்டமொன்றில் முடிவானது. கரு பதியாவிடில் மஞ்சள் உடலம் சுமார் 14 நாட்களில் நலிகிறது. புரோஜெஸ்டிரோன் குறைய, படலத்துக்கு இரத்தம் தரும் சுருள் தமனிகள் இறுகி, மேலடுக்கு உதிர்கிறது.

கருமுட்டை வெளியேறாத சுழற்சிகள் தொடர்ந்தால், பிசிஓஎஸ் (சூலகப் பல்கட்டி நோய்க்குறி) உள்ள பெண்கள் பலருக்கு நேர்வதுபோல, ஈஸ்ட்ரோஜனை எதிர்நிறுத்தப் புரோஜெஸ்டிரோன் இல்லாமல் படலம் அளவுமீறித் தடிக்கிறது. நாளடைவில் அது புற்றுநோய்க்கும் இடமளிக்கலாம். கருப்பை உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை தரும்போது புரோஜெஸ்டிரோனைப் போலச் செயல்படும் புரோஜெஸ்டோஜனையும் சேர்ப்பது இதனால்தான். மாதவிடாய் முற்றிலும் நின்றபின் சிறிதளவு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் இப்படித் படலம் தடிப்பதிலிருந்து வேறானது. அகப்படலத்தை ஒத்த திசு சூலகம் முதலிய இடங்களில், கருப்பைக்கு வெளியே வளர்ந்து, அங்கும் இதே ஹார்மோன்களுக்கு இணங்கி வலியைத் தருவது அந்நோய். அதை ‘அகப்படல நோய்’ என்று சுருக்கினால் நோய் கருப்பைக்குள் இருப்பதாகவே வாசகர் கொள்வர். ‘கருப்பைக்கு வெளியே அகப்படலத் திசு வளர்தல்’ என்று விரித்தெழுதுவதே சரி.