சீட்டு அரை நிமிடத்தில், டாக்டர் பகல் 12 மணிக்கு

கடலூர் போன்ற ஊரில், அரசு மருத்துவமனைப் பொது மருத்துவப் பிரிவுக்குக் காலை 8 மணிக்கு 120 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு டாக்டர்கள், நோயாளிக்கு 4 நிமிடம். ஆக மணிக்கு 30 பேர். ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினால் ஒருவருக்கு 2 நிமிடம். அதுவும் மணிக்கு 30தான். கியூஆர் கோடு பதிவு வந்ததும் சீட்டுக்கு அரை நிமிடம் போதும். 9 மணிக்குள் எல்லார் கையிலும் சீட்டு. ஆனால் கடைசி ஆளை டாக்டர் பார்த்து முடிப்பது முன்பும் பகல் 12 மணி வாக்கில், இப்போதும் அப்படியே. வரிசை டாக்டர் அறை வாசலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். பதிவு நேரம் கால் பங்கானதாக அறிக்கை சொல்லும்; அது உண்மையும்கூட. நோயாளியோ வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மாத்திரையோடு திரும்பும்வரை கணக்கு வைக்கிறார்.

டாக்டரின் 4 நிமிடத்தைக் காப்பாற்றும் மாற்றமே பலன் தரும். வெறும் வயிற்றில் வரும் பழைய சுகர் நோயாளியை முதலில் டாக்டரிடம் அனுப்பி, ரத்தம் எடுத்து, ரிசல்ட்டோடு மறுபடி நிற்க வைத்தால் ஒரே ஆள் இரண்டு முறை வரிசையில் வருகிறார். நர்ஸ் முதலிலேயே ரத்தம் எடுத்து, பிரஷர் பார்த்துச் சீட்டில் குறித்துவிட்டால் ஒரு முறை போதும்.

மக்கள் கையில் எடுத்துப் பார்க்க முடிந்த சீர்திருத்தம் மருந்து விநியோகம். 1994இல் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் கழியும். அருமையான ஏற்பாடு. ஆனால் கிடங்கில் சரக்கு இருந்தும் தேவைப்பட்டியல் தாமதமானால், 30 நாள் மாத்திரைக்குப் பதில் 10 நாளுக்குத்தான் கிடைக்கும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிலாளிக்கு அது மாதம் மூன்று நாள் கூலி இழப்பு.

நோயாளியின் திருப்தி எதிர்பார்ப்பைப் பொறுத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பழகியபின் ஒரு மாதம் வராவிட்டால், முன்பு நடந்து போய் வாங்கிய நாளில் இல்லாத கோபம் வரும். சேவை மேம்பட்டும் மதிப்பெண் இறங்குவது இப்படித்தான்.

அளக்கும் விதத்திலும் கோளாறு உண்டு. நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் "நல்லாத்தான் பாக்குறாங்க" என்பார்கள். 2016இல் மத்திய அரசு தொடங்கிய 'மேரா அஸ்பத்தால்' என்ற கருத்துக்கேட்புத் திட்டம் வீடு திரும்பியபின் குறுஞ்செய்தியில் கேட்கிறது. ஆனால் சீட்டில் இருப்பது சென்னையில் உள்ள மகனின் எண்ணாக இருந்தால் பயனில்லை. வரிசையில் பாதியில் எழுந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறியவரை யாரும் கேட்பதே இல்லை. டாக்டர் மருந்து எழுதிய பதிவு எந்த ஓ.பி. எண்களுக்கு இல்லை என்று பார்த்தால், அவர்கள் எத்தனை பேர் என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.